சிறுவர் இசை நிகழ்ச்சிக்கு என்ன வாசிப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். சில வருடங்களாகப் பத்துப் பன்னிரண்டு வாத்தியக்காரரைச் சேர்த்து, மட்டக்களப்பு, அம்பாறைப் பாடசாலைகளில் பிள்ளைகளுக்கென்று மேலைத்தேய இசை நிகழ்ச்சிகளும் செய்துவருகிறோம். நிகழ்ச்சி முடிந்த கையோடு ஆசிரியர்கள் வந்து கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான்: எதை வாசிப்பது, எவ்வளவு நேரம், பிள்ளைகள் இருப்பார்களா? தொலைபேசியில் திரும்பத் திரும்பச் சொன்னவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஓர்க்கெஸ்ட்ரா என்றால் நம்முடைய மெல்லிசைக் குழுதானே?

இல்லை. வயலின் குடும்பமும் ஊதுகுழல்களும் மேளங்களும் சேர்ந்த, பாடகர் தேவையில்லாத மேலைத்தேய வாத்தியக் குழு அது. ஆனால் இந்தக் குழப்பம் உங்களுக்கு மட்டுமல்ல. எங்கள் முதல் நிகழ்ச்சி நோட்டீஸில் "ஓர்க்கெஸ்ட்ரா" என்று போட்டோம். வாசலில் ஒரு தகப்பன் வந்து, "பாடகர் ஆர் வாறாங்க?" என்று கேட்டார். கீபோர்ட், கிற்றார், ட்ரம்ஸ், பாட்டுக்கு இரண்டு பேர்: கோயில் திருவிழாவில் அவர் கண்ட ஓர்க்கெஸ்ட்ரா அதுதான். அடுத்த முறை பாடப்புத்தகச் சொல்லான "பல்லியம்" என்பதைப் போட்டோம். அப்போது ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை, வரவும் இல்லை. இப்போது வயலின், செல்லோ, கிளாரினெட், ட்ரம்பெட் படங்களைப் போட்டு "பாட்டில்லாமல் வாத்தியங்கள் சொல்லும் கதைகள்" என்று எழுதுகிறோம். "கச்சேரி" என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். எங்கள் ஊரில் கச்சேரி என்றால் அரச அலுவலகம், அங்கே போவதென்றால் காணிப் பத்திரத்தையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு போவது.

எந்த அடிப்படையில் ஒரு இசைத்துண்டைத் தெரிவு செய்வது?

நான் பார்ப்பது ஒன்றுதான். தரம் மூன்று படிக்கிற பிள்ளைக்கு, இந்த இசையில் எதைக் கவனிக்க வேண்டும் என்று ஒரு வசனத்தில் சொல்ல முடியுமா? முடிந்தால் அந்தத் துண்டில் காதுக்கு ஒரு பிடி இருக்கிறது. முடியாவிட்டால், அது எவ்வளவு பெரிய மேதையின் ஆக்கமாக இருந்தாலும் அன்றைக்கு வேண்டாம்.

நோர்வே நாட்டு எட்வர்ட் கிரீக் 1875இல் ஒரு நாடகத்துக்காக எழுதிய "மலை அரசனின் மண்டபத்தில்" என்ற துண்டை எடுங்கள். இரண்டரை நிமிடம். "பதுங்கிப் பதுங்கி வாற ஒருவன் எப்ப ஓடத் தொடங்குறான் எண்டு பாருங்க" என்று சொன்னால் போதும். வயலினின் பெரிய அண்ணன்மாரான செல்லோவும் டபுள் பேஸும் நரம்பை விரலால் சுண்டித் தொடங்குகின்றன. அதே மெட்டு கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி, வேகம் பிடித்து, கடைசியில் மண்டபமே அதிர்கிறது. கேட்கிற பிள்ளைக்கு ஒரு இடத்திலும் வழி தவறாது.

இதற்கு நேர்மாறாக நான் செய்த பிழை ஒன்று: மோட்சார்ட்டின் 40ஆம் சிம்பொனியின் (சிம்பொனி என்றால் ஓர்க்கெஸ்ட்ராவுக்கான, பல பகுதிகள் கொண்ட நீண்ட ஆக்கம்) முதற்பகுதியை ஒருமுறை வைத்தேன். எனக்கு உயிரான இசை. இரண்டாவது நிமிடத்தில் முன்வரிசைப் பொடியன்மார் காலால் செருப்பை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். மோட்சார்ட்டில் பிழையில்லை. அந்த இசையின் சுவை, முன்னர் வந்த மெட்டு எங்கெங்கோ அலைந்துவிட்டு வேறொரு நிறத்தில் திரும்பி வருவதில் இருக்கிறது. முதல் தடவை கேட்கிற பிள்ளைக்கு எது போனது என்றே தெரியாது. பிறகு எது திரும்பி வந்தது என்று எப்படித் தெரியும்?

"பிள்ளைகளுக்கு லேசானதாகப் பாருங்கள்" என்று பலர் சொல்வார்கள். லேசு, கஷ்டம் என்பது வாசிக்கிறவனுடைய பிரச்சினை. பிள்ளைக்குச் சிக்கலான இசையும் பிடிக்கும், பிடி ஒன்று இருந்தால்.

எத்தனை வயதுக்கு எத்தனை நிமிடம்?

முன்பள்ளிக்கு 25 நிமிடம். தரம் ஒன்று முதல் மூன்று வரை 35. நாலு முதல் ஏழு வரை 45, மிஞ்சினால் 50. பேச்சு, கைதட்டல், கதிரை இழுபடுகிற நேரம் எல்லாம் இதற்குள் அடங்கும். 35 நிமிட நிகழ்ச்சியில் 22 நிமிடம் இசை இருந்தால் அது நிறைந்த நிகழ்ச்சி. ஒவ்வொன்றும் இரண்டு முதல் நாலு நிமிடம் இருக்கட்டும். இடைவேளை விடாதீர்கள். தண்ணீர்ப் போத்தலும் கழிவறையும் முடிந்து திரும்ப இருத்த இன்னொரு அரை மணித்தியாலம் போய்விடும்.

முதலாவதாக எதை வைப்பது?

பேச்சில்லாமல் தொடங்குகிற ஏதாவது ஒன்றை. அதிபர் உரை, வரவேற்புரை, மங்கள விளக்கு எல்லாம் வேண்டுமென்றால் பிள்ளைகள் வந்து இருக்க முன்னரே முடித்துவிடுங்கள் (முடிக்க விடமாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும்). எங்களுக்கு நன்றாகக் கைகொடுத்தது இத்தாலியர் ரொசினி 1829இல் எழுதிய "வில்லியம் டெல்" என்ற ஒபேராவின் (பாடி நடிக்கும் நாடகம்) முன்னிசையில் கடைசிப் பகுதி, சுமார் மூன்று நிமிடம். ட்ரம்பெட் அழைக்கிறது, பிறகு குதிரை பாய்கிறது. "இது குதிரை" என்று ஒருவரும் சொல்லத் தேவையில்லை. இரண்டாவது வரிசையில் ஒரு பிள்ளை கதிரையிலேயே சவாரி செய்யத் தொடங்கியிருக்கும்.

"பீற்றரும் ஓநாயும்" வைக்கலாமா?

ஒருவர் கதை சொல்ல, வாத்தியங்கள் பாத்திரங்களாக வரும் ஆக்கம் அது. வைக்கலாம். ஆனால் வைத்தால் அதுதான் நிகழ்ச்சி. தொடக்கத்துக்கு ஒரு சிறு துண்டு போக, வேறொன்றும் சேராது. கதையோடு சேர்த்து 25 நிமிடத்துக்கு மேல் போகும், தமிழில் ஆறுதலாகக் கதை சொன்னால் அரை மணித்தியாலத்தைத் தாண்டும். முன்பள்ளிக்கு வேண்டவே வேண்டாம்.

செர்கெய் புரோகோஃபியெவ் இதை 1936இல், மொஸ்கோவில் நத்தாலியா சாட்ஸ் நடத்திய சிறுவர் நாடக அரங்குக்காக எழுதினார். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு வாத்தியம்: குருவிக்குப் புல்லாங்குழல், தாராவுக்கு ஓபோ என்ற ஊதுகுழல், பூனைக்குக் கிளாரினெட், தாத்தாவுக்குத் தடித்த குரலுள்ள பசூன், ஓநாய்க்கு மூன்று பிரெஞ்சு ஹோர்ன் (சுருண்ட பித்தளைக் குழல்), பீற்றருக்கு வயலின் குடும்பம் முழுவதும். முதல் நாள் பெரிய கூட்டமில்லை, அவ்வளவாக ஒருவரும் கவனிக்கவுமில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். உங்கள் முதல் நிகழ்ச்சியில் பாதிக் கதிரை காலியாக இருந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கதை சொல்வதுதான் இதில் பாதி வேலை. எழுத்துத் தமிழில் வாசித்தால் வானொலிச் செய்தி மாதிரி ஆகிவிடும். நாங்கள் எங்கள் பேச்சிலேயே சொல்கிறோம். தாத்தாவை அம்மப்பா ஆக்கிவிட்டோம். ஓநாயை நரியாக்கலாமே, இலங்கையில் ஓநாய் இல்லையே என்று ஒரு ரீச்சர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் ஆடு நனைகிறதே என்று அழுத ஓநாயை எங்கள் பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும். அதோடு நரி தந்திரக்காரன், மூன்று ஹோர்ன் சேர்ந்து ஒலிக்கிற அந்தக் கனத்த ஓசைக்கு அவன் பொருந்தமாட்டான். ஓநாய் ஓநாயாகவே இருக்கட்டும்.

தாராவை ஓநாய் உயிரோடு விழுங்கிவிடுகிறது. கடைசியில் வயிற்றுக்குள்ளிருந்து ஓபோ மெதுவாகக் கேட்கும். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். வாழைச்சேனைப் பக்கத்தில் ஒரு நிகழ்ச்சி முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, ஒரு பிள்ளை வந்து ஓபோக்காரரின் சேர்ட்டைப் பிடித்து இழுத்தாள்: "மறுகா தாரா வெளிய வந்திச்சா?" அவர் கொழும்பிலிருந்து வந்தவர், தமிழ் அரைகுறை. கேள்வி விளங்கியதும் பெட்டியைத் திறந்து ஓபோவை மீண்டும் பூட்டி, தாராவின் மெட்டை அவளுக்காக உரத்து ஒருமுறை வாசித்தார். அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

பசூன், ஹோர்ன், ஓபோ எல்லாம் இங்கே எங்கே கிடைக்கும்?

பசூனும் ஹோர்னும் எங்களுக்கு ஒருமுறையும் கிடைத்ததில்லை. பசூனுக்குப் பதில் டிராம்போனை மெதுவாக வாசித்தோம். ஹோர்ன்களுக்கு ஒரு பாடசாலை பாண்ட் வாத்தியத்திலிருந்து யூஃபோனியம் ஒன்றை இரவல் வாங்கி, மிச்சத்தைக் கீபோர்டில் நிரப்பினோம். ரஷ்யாவில் இதைக் கேட்டு வளர்ந்த ஒருவர் வந்திருந்தால் முகம் சுளித்திருப்பார். பிள்ளைகள் பயந்தார்கள், அது போதும்.

ஓபோவுக்குப் பதில் நாதஸ்வரம் வைத்தால் என்ன என்று ஒரு யோசனை வந்தது. பிழையான யோசனை என்று சொல்லமாட்டேன்: இரண்டும் இரட்டை நாக்கு வாத்தியம், நாதஸ்வரத்தின் சீவாளியும் ஓபோவின் நாக்கும் ஒன்றுவிட்ட சகோதரங்கள். ஒத்திகையில் வாசித்துப் பார்த்தோம். தாரா ஓநாயை விழுங்கிவிட்டது. திறந்தவெளியில் வீதியுலாவுக்குக் கேட்க வேண்டிய வாத்தியம் அது, மூடிய மண்டபத்தில் நாலு வயலினோடு அதை இருத்தக்கூடாது. ஆனால் அந்த யோசனையால் ஒரு நன்மை: இப்போது ஓபோக்காரர் தன் நாக்கைக் காட்டும்போது பக்கத்தில் ஒரு சீவாளியையும் வைத்துக் காட்டுகிறோம். கோயிலில் பார்த்ததை மேடையில் கண்டதும் பிள்ளைகள் எட்டிப் பார்க்கிறார்கள்.

மிருகங்கள் வருகிற இசை என்று ஒன்று இருக்கிறதாமே?

பிரெஞ்சுக்காரர் சான்-சான்ஸ் 1886இல் எழுதிய "மிருகங்களின் கார்னிவேல்". சிறிய ஊர்க் குழுவுக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியாது, ஏனென்றால் இது ஆதியில் எழுதப்பட்டதே 11 பேருக்கு. நண்பர்களுக்குப் பகிடியாக எழுதினார். தன் பெரிய மனுஷத்தனம் கெட்டுவிடும் என்று, "அன்னம்" என்ற ஒரு துண்டைத் தவிர மற்றதைத் தான் உயிரோடிருக்கும்வரை அச்சிட விடவில்லை. 1921இல் அவர் இறந்த பிறகுதான் முழுவதும் வெளியே வந்தது. இன்று அவர் பேரை உலகத்துப் பிள்ளைகளிடம் கொண்டுபோவது அந்தப் பகிடிதான்.

பதினான்கு துண்டுகள். எல்லாவற்றையும் வாசிக்காதீர்கள், ஆறைப் பொறுக்கினால் போதும். நான் பொறுக்குகிற சிலவற்றைப் பற்றி:

"ஆமை" ஒரு பகிடி. ஓஃபன்பாக் என்பவரின் பேர்போன துள்ளாட்ட இசையை ஆமை வேகத்தில் வாசிப்பதுதான் அது. மூலம் தெரியாத பிள்ளைக்குச் சிரிப்பு வராது. ஆகவே முதலில் அந்த ஆட்டத்தை அரை நிமிடம் வேகமாக வாசித்துக் காட்டிவிட்டு ஆமையைத் தொடங்குங்கள்.

"காட்டின் ஆழத்தில் குயில்" எனக்கு மிகவும் பிடித்தது. பியானோ காட்டு மரங்கள் மாதிரி அசையாமல் நிற்க, கிளாரினெட் இரண்டே இரண்டு சுரங்களை 21 தடவை வாசிக்கிறது. கிளாரினெட் மேடையில் இருக்கக்கூடாது, மறைவில் இருந்து கேட்க வேண்டும் என்பது இசையமைப்பாளரின் விருப்பம். நாங்கள் கிளாரினெட்காரரை யன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நிறுத்தினோம். இருநூறு தலைகள் ஒரேயடியாகக் கிறுகி யன்னலைத் தேடியதைப் பார்க்க வேண்டும். முடிந்ததும் ஒரு பொடியன் எழும்பி, "இது குயில் இல்ல சேர்" என்றான். அவன் சொன்னது சரி. ஐரோப்பியக் குயில் மேலிருந்து கீழே இறங்கிக் கூவும். எங்கள் குயில் கீழிருந்து மேலே ஏறிக் கூவும். இப்போது அந்தத் துண்டுக்கு முன் இரண்டு கூவலையும் கிளாரினெட்டில் வாசித்துக் காட்டிவிட்டு, "ஆர் எங்கட குயில்?" என்று கேட்கிறோம்.

"யானை" டபுள் பேஸுக்கு எழுதப்பட்டது. பருத்த மிருகம் மெல்லிய நடனம் ஆடப் பார்க்கிறது என்பது பகிடி. பட்டணத்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு பாடசாலையில் வாசித்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகு ஒரு பிள்ளை சொன்னாள்: "யானை இப்பிடி வராது. முதல்ல மரம் முறியிற சத்தம் கேக்கும்." வயல் காவலில் தகப்பன் விடிய விடியக் கண்விழிக்கிற வீட்டுப் பிள்ளைக்கு யானை பகிடி அல்ல. அம்பாறைப் பக்கமும் இதே கதைதான். அங்கெல்லாம் நாங்கள் இப்போது யானையை விட்டுவிட்டு "மீன் தொட்டி"யை வாசிக்கிறோம். வாவிக்கரைப் பிள்ளைகளுக்கு அதற்கு ஒரு வசனமும் வேண்டாம்: "கல்லடிப் பாலத்துக்குக் கீழ, இரவில, தண்ணிக்குள்ள."

"அன்னம்" செல்லோவுக்கு. மூன்று நிமிடம் ஒன்றும் நடக்காது, ஒரு ஓசை நீந்திப் போகும். அதை வைக்க வேண்டிய இடத்தைப் பற்றிக் கீழே மின்விசிறிக் கேள்வியில் சொல்கிறேன்.

பெஞ்சமின் பிரிட்டனின் "இளையோருக்கான ஓர்க்கெஸ்ட்ரா வழிகாட்டி"?

பேரைப் பார்த்து ஏமாறவேண்டாம். ஆங்கிலேய இசையமைப்பாளர் பிரிட்டன் 1945இல் ஒரு கல்விப் படத்துக்காக எழுதியது. பழைய ஆங்கிலேய இசையமைப்பாளர் பர்செல் 1695இல் எழுதிய மெட்டொன்றை எடுத்து ஒவ்வொரு வாத்தியமாக மாறிமாறி வாசிக்க வைத்து, கடைசியில் எல்லோரையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிடுகிறார். அருமையான ஆக்கம், 17 நிமிடம். ஆனால் முழு ஓர்க்கெஸ்ட்ரா வேண்டும், பத்துப் பேரால் இழுக்க ஏலாது. வகுப்பில் காணொளியாகப் போட்டுக் காட்டுங்கள், அதுவும் தரம் ஆறுக்கு மேல்.

கர்நாடக சங்கீதம் படிக்கிற பிள்ளைகளுக்கு இது ஒட்டுமா?

ஒட்டும். ஒட்டுவதற்குப் பசையை முத்துசுவாமி தீட்சிதர் இருநூறு வருடங்களுக்கு முன்னமே காய்ச்சி வைத்துவிட்டார். சென்னையில் வெள்ளைக்காரரின் பாண்ட் வாத்தியத்தில் கேட்ட மெட்டுக்களுக்கு அவர் வடமொழியில் சாகித்தியம் எழுதினார், எல்லாம் சங்கராபரண ராகத்தில். அவைதான் நொட்டுஸ்வரங்கள். "சக்தி ஸஹித கணபதிம்" பாடாத சங்கீத வகுப்பு இல்லை. இன்னொன்று "ச்யாமளே மீனாக்ஷி". அதன் மெட்டு, முன்பள்ளியில் "ட்விங்கிள் ட்விங்கிள்" என்று பாடுகிற அதே மெட்டுத்தான். ஆதியில் அது ஒரு பிரெஞ்சுப் பாட்டு. மோட்சார்ட் அதை வைத்துப் பியானோவுக்குப் பன்னிரண்டு விதமாக விளையாடியிருக்கிறார். சான்-சான்ஸின் கார்னிவேலில் "எலும்புக்கூடுகள்" என்ற துண்டிலும் அது சைலபோனோடு துள்ளிக்கொண்டு வரும்.

நாங்கள் செய்வது இதுதான்: ஒரு சங்கீத மாணவி வந்து தம்புராச் சுருதியோடு "ச்யாமளே மீனாக்ஷி" பாடுவாள். உடனே "எலும்புக்கூடுகள்". "உங்களுக்குத் தெரிஞ்ச ஒராள் இதுக்குள்ள ஒளிச்சிருக்கிறார், கண்டுபிடிச்சாக் கையை உயர்த்துங்க." மெட்டு வரும்போது கை உயர்கிற வேகத்தைப் பார்த்தால் பிடி என்று நான் எதைச் சொல்கிறேன் என்பது விளங்கும். வயலின் கர்நாடக சங்கீதத்துக்குள் வந்ததே தீட்சிதரின் தம்பி பாலுசுவாமியின் காலத்தில்தான் என்பதையும் சங்கீத ரீச்சர்மாருக்கு ஞாபகப்படுத்துங்கள், மிகவும் சந்தோஷப்படுவார்கள்.

கூத்து மத்தளத்தையும் பறையையும் சேர்த்தால் என்ன?

சேர்க்கலாம், கலக்காதீர்கள். ஒரு வருடம் கிரீக்கின் துண்டுக்கு மேல் மத்தளத்தையும் போட்டோம். பத்திரிகைக்குப் படம் எடுக்க நன்றாக இருந்தது. கேட்க, இரண்டும் கெட்டது: மத்தளத்தின் சொற்கட்டு விளங்கவில்லை, செல்லோவின் சுண்டலும் விளங்கவில்லை. கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் ஒத்திகை முடிந்து வெற்றிலை போட்டபடி ஒரு வார்த்தைதான் சொன்னார்: "தம்பி, நான் சும்மா தட்டிக்கொண்டு நிண்டன்."

அடுத்த வருடம் அவரைத் தனியாக நடு மேடையில் நிறுத்தினோம். வடமோடிக் கூத்தில் ஒரு அரசன் களரிக்கு வருகிற வரவை, மத்தளமும் சல்லரி என்ற கைத்தாளமும் மட்டும் வைத்து, மெதுவாகத் தொடங்கி வேகம் ஏற்றிக் காட்டினார். அது முடிந்து கைதட்டல் அடங்க முன்னர் "மலை அரசனின் மண்டபத்தில்". ஒரு அரசன் இங்கே வந்தான், இன்னொருவன் அங்கே. இரண்டும் வேகம் ஏறுகிற கதைதான் என்பதை நாங்கள் சொல்லவில்லை, பிள்ளைகள் சொன்னார்கள். வசந்தன் கோலாட்டம் ஆடுகிற பிள்ளைகள் இருக்கிற ஊரானால் இன்னும் லேசு. கோலடித்துப் பழகிய கை தாளத்தை உடனே பிடித்துவிடும்.

போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் வீட்டு வயலினையும் மறக்காதீர்கள். மட்டக்களப்பில் எங்களுக்கு முன்னமே கல்யாண வீடுகளில் வயலினும் றபான் மேளமும் சேர்ந்து கஃப்ரிஞ்ஞா என்ற ஆட்ட இசை வாசித்தவர்கள் அவர்கள். ஒரு கஃப்ரிஞ்ஞாவை நிகழ்ச்சியின் நடுவில் வைத்தால் ஆசிரியர்களே ஆடத் தொடங்குவார்கள்.

யாழ் வருமா?

விபுலானந்த அடிகள் பிறந்த மண்ணில் இந்தக் கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியம். 1947இல் அவர் வெளியிட்ட "யாழ் நூல்" பற்றிப் பிள்ளைகள் படித்திருப்பார்கள். யாழுக்குக் கிட்டியது மேலைத்தேய ஓர்க்கெஸ்ட்ராவில் இருக்கிற ஹார்ப். அதற்கு 47 நரம்பு, ஆள் உயரம். கொழும்பிலிருந்து டபுள் பேஸைக் கோச்சியில் ஏற்றிக்கொண்டு வரவே நாங்கள் பட்ட பாடு போதும். படத்தைக் காட்டுங்கள்.

சினிமாப் பாட்டு ஒன்றாவது வேண்டுமென்று பிள்ளைகள் கேட்பார்களே?

கேட்பார்கள். வைத்தால் எல்லோரும் சேர்ந்து பாடுவார்கள், வாத்தியம் ஒருவருக்கும் கேட்காது. அதில் பிழையில்லை, கடைசிக்கு முன்னர் ஒன்று வைக்கலாம். ஆனால் தனியே சினிமாப் பாட்டு வாசிப்பதென்றால் இவ்வளவு பாடுபட்டு செல்லோவை ஏன் தூக்கி வரவேண்டும்? பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் இளையராஜாவின் 1986ஆம் வருட "ஹவ் டு நேம் இட்" இசைத்தொகுப்பைச் சொல்வதுண்டு. அதில் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் வயலின் இசையை அவர் கையாளுகிற துண்டைக் கேட்டுவிட்டு மூல பாக்கைக் கேட்கச் சொல்வேன். அது வீட்டுப்பாடம், மேடைக்கல்ல.

திடீர்ச் சத்தம் வருகிற இசையை வைக்கலாமா?

ஒஸ்திரிய இசையமைப்பாளர் ஹைடனின் 94ஆவது சிம்பொனியில், 1792இல் லண்டனில் முதலில் கேட்டது, மெதுவாகப் போகிற இரண்டாம் பகுதியில் எல்லா வாத்தியமும் சேர்ந்து ஒரு அடி அடிக்கும். "பீற்றரும் ஓநாயும்" இல் வேட்டைக்காரரின் துவக்குச் சத்தத்தை டிம்பனி மேளங்களும் பெரிய மேளமும் போடும். பிள்ளைகளுக்கு இது பண்டிகை. ஆனால் மண்டபத்தில் பிள்ளைகள் மட்டும் இருப்பதில்லை. ஒருமுறை அந்தத் துவக்குச் சத்தத்துக்குப் பின்வரிசையில் பேரனோடு வந்த ஒரு அம்மா எழும்பி வெளியே போய்விட்டார். நிகழ்ச்சி முடியும்வரை குழாயடியில் நின்றார். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை, எங்கள் ஊரில் கேட்கத் தேவையுமில்லை.

இப்போது முதலிலேயே எல்லோருக்கும் சொல்லிவிடுகிறோம், மேளத்தை ஒருமுறை அடித்தும் காட்டுகிறோம். ஹைடனின் பகிடி கொஞ்சம் கெடும்தான். உண்மையில் கெடுவதுமில்லை: "இப்ப வரப்போகுது, இப்ப வரப்போகுது" என்று பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு காத்திருப்பது வேறொரு சுகம்.

எங்களிடம் வாத்தியக்காரரே இல்லையே, ஒலிப்பதிவைப் போட்டால் போதாதா?

வகுப்பறைக்குப் போதும். நிகழ்ச்சிக்குப் போதாது. வில் மேலும் கீழும் போவதையும், ட்ரம்பெட்காரரின் கன்னம் சிவப்பதையும் கண்ணால் காண்பதுதான் பிள்ளைக்குப் பாதி இசை. முழு ஓர்க்கெஸ்ட்ரா தேவையில்லை. இலங்கை சிம்பொனி ஓர்க்கெஸ்ட்ரா 1958 முதல் கொழும்பில் இருக்கிறது, அதை அப்படியே இங்கே கொண்டுவர உங்களுக்கும் எனக்கும் வசதியில்லை. ஐந்து பேர் போதும்: இரண்டு வயலின், ஒரு செல்லோ, ஒரு கிளாரினெட் அல்லது புல்லாங்குழல், ஒரு கீபோர்ட். இந்த ஐவரால் கிரீக், கார்னிவேலில் பாதி, ஹைடன் எல்லாம் சமாளிக்கலாம். செல்லோ ஒன்று மட்டும் எப்படியாவது தேடுங்கள், அது இல்லாத குழு அடி இல்லாத பானை.

எந்த மாதம், எந்த நேரம்? மின்விசிறிச் சத்தத்தை என்ன செய்வது?

மாரியில் வேண்டாம், தகரக் கூரையில் மழை பெய்தால் டிம்பனியும் கேட்காது. சூடான கச்சான் காற்றடிக்கிற மாதங்களில் காலை ஒன்பது மணிக்கு முன்னர் தொடங்குங்கள். பக்கத்துக் கோயிலில் திருவிழா இருக்கிறதா, ஒலிபெருக்கி எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று முதலே விசாரியுங்கள்.

மின்விசிறிதான் பெரிய எதிரி. நிறுத்தினால் வெக்கையில் பிள்ளைகள் அவிந்துவிடுவார்கள், விட்டால் மெல்லிய இசை ஒன்றும் கேட்காது. நாங்கள் "அன்னம்" வாசிக்கும் மூன்று நிமிடத்துக்கு மட்டும் நிறுத்துகிறோம். "இப்ப விசிறியை நிப்பாட்டப்போறம். அது நிக்கிற சத்தத்தையும் கேளுங்க" என்று சொல்லிவிட்டு ஆளி ஒவ்வொன்றாக அணைக்கப்படும். இறக்கை சுழல்வது குறைந்து, கடைசியில் ஒரு கிறீச், பிறகு வெளியே ஒரு காகம், அதற்குப் பிறகு செல்லோ. முந்நூறு பிள்ளைகள் மூச்சுக் காட்டாமல் இருந்ததை நான் கண்டது அந்த மூன்று நிமிடத்தில் மட்டும்தான்.

இடையில் கைதட்டினால்?

தட்டட்டும். மூத்த யோஹான் ஸ்ட்ராவுஸ் 1848இல் எழுதிய "ராடெட்ஸ்கி" அணிநடை இசைக்குக் கைதட்டுவது வியன்னாவிலேயே வழக்கம். நடத்துபவர் பிள்ளைகள் பக்கம் திரும்பி, மெதுவாக, உரத்து, நிறுத்து என்று கையால் காட்டினால் அவர்களும் ஒரு வாத்தியம் ஆகிவிடுகிறார்கள். ஆசிரியர் ஒருவர் பிரம்போடு வரிசைகளுக்கிடையில் நடப்பதை மட்டும் தயவுசெய்து நிறுத்திவையுங்கள்.

விளக்கம் எவ்வளவு சொல்வது?

அமெரிக்க இசை நடத்துநர் லெனர்ட் பெர்ன்ஸ்டைன் 1958 முதல் 1972 வரை நியூயோர்க் பில்ஹார்மோனிக் ஓர்க்கெஸ்ட்ராவோடு 53 சிறுவர் நிகழ்ச்சிகள் செய்தார். நிறையப் பேசினார், பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நீங்களும் நானும் பெர்ன்ஸ்டைன் அல்ல. துண்டுக்கு ஒரு வசனம், மிஞ்சினால் மூன்று. இசையமைப்பாளர் பிறந்த வருடத்தைச் சொல்லாதீர்கள்.

கடைசியில் எதை வைப்பது?

எல்லோரும் ஆரவாரமாக முடிப்பார்கள். நான் சிலவேளை எதிர்ப்பக்கம் போவேன்: ஹைடனின் 45ஆவது சிம்பொனியின் கடைசிப் பகுதி. 1772இல், இளவரசர் எஸ்டர்ஹாஸியின் கோடை மாளிகையில் மாதக்கணக்காக மாட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போக ஏங்கிய வாத்தியக்காரருக்காக எழுதியது. ஒவ்வொருவராகத் தன் பகுதியை வாசித்து முடித்து, மெழுகுதிரியை அணைத்துவிட்டு எழும்பிப் போவார்கள். இரண்டு வயலின் மட்டும் மிஞ்சும். நாங்கள் மெழுகுதிரிக்குப் பதில் கைவிளக்கு வைத்துக்கொள்கிறோம். முதல் ஆள் எழும்பியபோது பிள்ளைகள் குழம்பினார்கள். மூன்றாவது ஆளுக்கு ஒருத்தி "போயிற்று வாங்க" என்று கைகாட்டினாள். அதற்குப் பிறகு ஒவ்வொருவருக்கும் மண்டபமே கைகாட்டியது. வயலினை விட இரைச்சல் கூடத்தான். நான் கடைசி இருவரில் ஒருவன், எனக்குக் குறையொன்றும் தோன்றவில்லை.

பஸ் வெளியே ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தால் இதை வைக்காதீர்கள்.

இசைத்தாள் எங்கே எடுப்பது, உரிமைக்குக் காசு கட்ட வேண்டுமா?

இலங்கைச் சட்டப்படி (2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம்) ஆக்கியவர் இறந்து 70 வருடம்வரை உரிமை உண்டு. ரொசினி, கிரீக், சான்-சான்ஸ், ஹைடன் எல்லோரும் எப்போதோ வெளியே வந்துவிட்டார்கள், இணையத்தில் இலவசமாக இறக்கலாம். 1953இல் இறந்த புரோகோஃபியெவின் உரிமை 2023 முடிவோடு இங்கே தீர்ந்தது. பிரிட்டன் 1976இல் இறந்தவர், அவருக்குப் பணம் கட்டி அனுமதி எடுக்க வேண்டும். பழைய ஆக்கத்தை வேறொருவர் அண்மையில் மாற்றி எழுதிய தாள் என்றால் அதற்கு வேறு உரிமை உண்டு, கவனம்.

தாளைப் பெரிதாக அச்சடித்து மட்டையில் ஒட்டுங்கள். அதோடு உடுப்புக் காயப்போடுகிற கிளிப் இரண்டு டசின் வாங்கி வையுங்கள். மேடைப்பக்கத்து விசிறியை யாராவது கட்டாயம் போடுவார்கள்.